விருந்தினரின் முதல் கேள்வி: கொடைக்கானலில் அறையும் வண்டியும் நடத்துபவர்களுக்கு

மே மாதத்து வெள்ளிக்கிழமை காலை. கொடைக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேக்கு வரிசையாக நான்கு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள், "ரூம் இருக்கா? எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். அடுத்தவர், "அண்ணே, கிளைமேட் சூப்பரா இருக்காமே! கேம்ப் ஃபயர் உண்டுல்ல?" என்கிறார். மூன்றாமவர், "அம்மாவையும் கூட்டிட்டு வர்றோம்... படி ஏறணுமாங்க?" என்று தயங்குகிறார். நான்காமவர், "ஹீட்டர் எத்தனை லிட்டர்? செக்-அவுட் 11 மணியா 12 மணியா? சொன்ன ரேட் ஜிஎஸ்டி சேர்த்தா?" என்று ஒன்றன் பின் ஒன்றாக அடுக்குகிறார்.

நால்வருக்கும் கொடுக்கப்போவது ஒரே அறைதான், வாடகையும் ஒன்றுதான். ஆனால் மனப்பாடம் செய்து வைத்த ஒரே பதிலை நால்வருக்கும் ஒப்பித்தால் முதல் ஆள் பாதியிலேயே போனை வைத்துவிடுவார், நான்காமவர் மறுபடி மூன்று முறை அழைப்பார். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் அறையை அழகாக வைக்கக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு ஆளைக் கவனித்துப் பேசக் கற்றுக்கொள்வதில்லை. அதை வாய்ச்சாமர்த்தியம், பிறவியிலேயே வரவேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. பெரும்பகுதி பழக்கத்தில் வருவது.

கவனிக்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, இவர் பேச்சில் வேகமா, நிதானமா? இரண்டு, இவர் மனம் முதலில் எங்கே போகிறது: காரியத்திலா, கூட வரும் மனிதர்களிலா? இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு வகை கிடைக்கும். வேகமும் காரியமும் சேர்ந்தவர் அவசரக்காரர். வேகமும் மனிதர்களும் என்றால் கலகலப்புக்காரர். நிதானமும் மனிதர்களும் என்றால் அமைதிக்காரர். நிதானமும் காரியமும் என்றால் நுணுக்கக்காரர். மேலே போன் செய்த நால்வரும் அதே வரிசையில்தான் வந்தார்கள்.

இந்தப் பிரிவு புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928-ல் மனிதர்களின் நடத்தையை நான்காகப் பிரித்து எழுதினார். இன்று பெரிய நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளில் 'டிஸ்க்' என்ற பெயரில் சொல்லித்தரப்படுவது அதன் வழியில் வந்ததுதான். (வொண்டர் வுமன் என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தவரும் இதே மார்ஸ்டன்தான்.) கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போட்டு, 'நீங்கள் இந்த வகை' என்று சொல்லும் முறையை அவர் செய்யவில்லை, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது அது. இந்த நான்கு வகையை ஜாதகம் போல நம்ப வேண்டாம். முதல் பத்து நிமிடம் எப்படிப் பேசுவது என்று முடிவுசெய்ய இது உதவும். அதற்கு மேல் எதிரில் இருக்கும் ஆளே சொல்லிக்கொடுப்பார்.

அவசரக்காரரிடம் பதிலைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், அதாவது முடிவு முதலில், விளக்கம் பிறகு. "இருக்கு சார். ரெண்டு பேருக்கு 3,000, காலை டிபன் சேர்த்து. 1,000 அட்வான்ஸ் போட்டா இப்பவே பிளாக் பண்ணிடறேன்." இவ்வளவு போதும். ஏரியிலிருந்து தூரம், ஜன்னலில் தெரியும் பள்ளத்தாக்கு எல்லாம் அவர் கேட்டால் சொல்லலாம். தேர்வு கொடுப்பதென்றால் இரண்டு கொடுங்கள், ஐந்து வேண்டாம். இவர் பேச்சில் இருக்கும் வெட்டு, கோபம் அல்ல. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு சிலர் முறுக்கிக்கொள்வார்கள், சிலர் பயந்து கேட்காமலே 500 ரூபாய் குறைப்பார்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது, அதுதான் நஷ்டமும். "கடைசி ரேட் என்ன?" என்றால், "வீக் எண்டுக்கு இதுதான் சார், செவ்வாய் புதன்ல வந்தா 2,500" என்று காரணத்தோடு ஒருமுறை சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். வண்டியில் ஏறி, "ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சிடணும்" என்பவரும் இவரே. "பார்க்கலாம் சார்" என்று மழுப்பினால் மாலையில் சண்டை வரும். "அஞ்சு இடம் முடியும் சார், எட்டு முடியாது. மன்னவனூர் வேணும்னா போக வரவே மூணு மணி நேரம் போயிடும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று எண்ணிக்கையில் பேசினால் அவர் உடனே முடிவெடுப்பார். அந்த முடிவு தன்னுடையது என்பதால் பிறகு குறை சொல்லவும் மாட்டார்.

கலகலப்புக்காரரிடம் பேசுவது சுகம், கணக்கு முடிப்பதுதான் சிரமம். அவர் மனதில் நிற்பது பேச்சின் சந்தோஷம், நிபந்தனைகள் நிற்பதில்லை. "கேம்ப் ஃபயர் உண்டுண்ணே" என்று நீங்கள் சொன்னது அவர் காதில் "கேம்ப் ஃபயர் இலவசம்" என்று விழுந்திருக்கும். அதனால் சிரித்துப் பேசும்போதே தொகையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: "உண்டுண்ணே, தனியா 600 ரூபா. மழை வந்தா கிடையாது, காசும் வாங்க மாட்டோம். பாட்டு பத்து மணி வரைக்கும்தான்." (இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டத்தில் உள்ள விதி, வீட்டுக்காரரின் கெடுபிடி என்று அவர் நினைக்காமல் இருக்க அதையும் சொல்லிவிடலாம்.) போனை வைத்த ஐந்து நிமிடத்துக்குள் பேசியதெல்லாம் எழுத்தில் வாட்ஸ்அப்புக்குப் போய்விட வேண்டும். நால்வரில் எழுத்து அதிகம் தேவைப்படுவது இவருக்குத்தான்.

நுணுக்கக்காரரைப் பலரும் 'நச்சு பிடிச்ச ஆள்' என்று தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் இவரைத் திருப்திப்படுத்துவது எளிது, சரியான தகவல் கையில் இருந்தால் போதும். அவர் சந்தேகப்படுவது உங்களை அல்ல, தகவலை. வெந்நீரையே எடுத்துக்கொள்வோம், கொடைக்கானலில் பாதிப் புகார் அதில்தான் தொடங்கும். குளியலறையில் இருப்பது 15 லிட்டர், 2,000 வாட் ஹீட்டர் என்றால், மதுரையில் 28 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 55 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 14 நிமிடம் போதும். இங்கே குளிர்காலக் காலையில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி இருந்தால் அதே ஹீட்டருக்கு 22 நிமிடம் பிடிக்கும். வோல்டேஜ் 230-லிருந்து 190-க்கு இறங்கினால் அரை மணிக்கும் மேல். ஆக ஐந்து நிமிடத்தில் சுவிட்சை அணைத்துவிட்டு "வெந்நீரே வரலை" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தவிர, அந்த 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் குளிக்கும் சூட்டில் 23 லிட்டர்தான் தேறும். ஒரு வாளியும் கொஞ்சமும். நான்கு பேர் வரிசையாக நின்றால் இரண்டாம் ஆளுக்கே குளிர்ந்துவிடும். இதை நுணுக்கக்காரரிடம் விவரமாகச் சொன்னால், வீட்டாருக்கெல்லாம் அரை மணி இடைவெளியில் குளியல் நேரம் போட்டுக் கொடுப்பார்! அவசரக்காரரிடம் இதே செய்தி ஒரு வரிதான்: "ஏழு மணிக்குக் குளிக்கணும்னா ஆறரைக்குச் சுவிட்ச் போட்டுடுங்க சார்."

நுணுக்கக்காரரிடம் செய்யக் கூடாத ஒன்று, தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வது. பூம்பாறை 20 கிலோமீட்டர்தான், அரை மணியில் போய்விடலாம் என்று சொல்லி ஒரு மணி நேரம் ஆனால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் இரண்டு முறை சரிபார்ப்பார். "45 நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரம், ரோடு குறுகல், எதிர்ல பஸ் வந்தா ஒதுங்கி நிக்கணும்" என்று இடைவெளி வைத்துச் சொல்லி, காரணத்தையும் சேர்த்தால் நம்புவார். இ-பாஸ் பற்றி அதிகம் கேட்பவரும் இவர்தான். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் வருபவருக்கு இது தேவையில்லை. விதி மாறிக்கொண்டே இருப்பதால், போன மாதத்து நினைவில் பதில் சொல்லாமல் புறப்படும் முன் இணையதளத்தைப் பார்க்கச் சொல்வதே பாதுகாப்பு.

அமைதிக்காரர்தான் கவனம் அதிகம் தேவைப்படுபவர், ஏனென்றால் அவரிடமிருந்து எந்தச் சத்தமும் வராது. ஜன்னல் இடுக்கில் காற்று வந்தாலும், தோசை ஆறிப்போயிருந்தாலும் "பரவாயில்லைங்க" என்பார். போகும்போது கைகூப்பிவிட்டுப் போவார். நான்கு நாள் கழித்து இரண்டு நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம் வரும், அல்லது அதுவும் வராது, அவர் மறுபடி வரவே மாட்டார். கத்துகிற விருந்தினர் பரவாயில்லை. குறையைக் கையில் கொடுத்துவிடுகிறார்.

இவரிடம் "எல்லாம் ஓகேயாங்க?" என்று கேட்பது வீண். ஆமாம் என்ற ஒரே பதில்தான் அந்தக் கேள்விக்கு உண்டு. குறிப்பாக, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள்: "அம்மாவுக்குக் கம்பளி ஒண்ணு போதுமா, இன்னொண்ணு கொண்டாரவா?" "இட்லி ஏழரைக்கா, எட்டரைக்கா?" கேட்டுவிட்டு உடனே அடுத்த பேச்சுக்குத் தாவாமல் மூன்று நான்கு விநாடி சும்மா நில்லுங்கள். அந்த இடைவெளியில்தான், "இல்ல... அந்த பாத்ரூம் தாழ்ப்பாள்..." என்று உண்மையான விஷயம் வெளியே வரும். கேட்கவும் நேரம் உண்டு. அறைக்குப் போன அரை மணியில் ஒருமுறை, படுக்கப் போகும் முன் எட்டரை மணிவாக்கில் ஒருமுறை, காலைக் காபியோடு ஒருமுறை. அதற்கு மேல் கேட்டால் தொந்தரவு. திட்டம் மாறுவதும் இவருக்குப் பிடிக்காது. நாளைக்கு ஆறு மணிக்குப் பதிலாக ஏழு மணிக்கு வண்டி என்றால் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். வழியில் போகும்போது "இன்னொரு சூப்பர் ஸ்பாட் காட்டறேன்" என்று டிரைவர் வண்டியைத் திருப்பினால், கலகலப்புக்காரர் கைதட்டுவார், இவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

இனி, மேலே சொன்ன எல்லாவற்றையும் மலைப்பாதை எப்படிக் கலைத்துப்போடும் என்று பார்க்க வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து ஏறினாலும் பழனியிலிருந்து ஏறினாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத வளைவுகள். சீசன் சனிக்கிழமையில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் நெரிசலில் மாட்டினால் இன்னும் கூடும். பின் சீட்டில் குழந்தை வாந்தி எடுத்திருக்கும், போன் பார்த்துக்கொண்டே வந்தவருக்குத் தலை சுற்றும், கீழே வியர்த்தவர் மேலே நடுங்குவார். போனில் அவ்வளவு சிரித்துப் பேசிய கலகலப்புக்காரர் முகம் கொடுக்காமல் இறங்குவார். அந்த முகத்தை வைத்து ஆளை எடைபோட்டால் தப்பு. வந்து இறங்கியதும் யாராக இருந்தாலும் ஒரே வரவேற்புதான்: கழிவறை எங்கே என்று காட்டுவது, குடிக்க வெந்நீர், அறைச் சாவி. அடையாள அட்டை, ரெஜிஸ்டர் கையெழுத்து, மீதித் தொகை எல்லாம் அரை மணி கழித்து. 'ஆள் எப்படி' என்று முடிவுசெய்ய அன்று மாலை டீ நேரம்தான் சரியான நேரம்.

இன்னொரு தருணத்திலும் எல்லோரும் மாறுவார்கள்: பில் கொடுக்கும்போது. அங்கே நால்வருமே நுணுக்கக்காரர்கள்தான். அறை வாடகை, கூடுதல் மெத்தை, இரவுச் சாப்பாடு, கேம்ப் ஃபயர் என்று தனித்தனி வரியாக எழுதிக் கொடுங்கள். மொத்தமாக ஒரு எண்ணை வாயால் சொன்னால் அதுவரை சம்பாதித்த நல்ல பெயர் அந்த நிமிடத்தில் கரையும்.

குடும்பமாக வருபவர்களிடம் ஒரே வாடிக்கையாளர் என்று நினைத்துப் பேசுவதும் புதியவர்கள் செய்யும் தவறு. போனில் பேசியவர் ஒருவர். பணம் கொடுப்பவர் இன்னொருவர். பயணம் நன்றாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லப்போவது மூன்றாவது ஆள், அநேகமாக முட்டிவலியோடு வந்திருக்கும் பாட்டி, அல்லது தூக்கம் கெட்ட கைக்குழந்தையின் அம்மா. ஒரு மகள் அறை எடுத்திருந்தால், வந்து இறங்கியதும் அவள் கணவரைப் பார்த்து மட்டும் பேசுவது நம் ஊரில் சர்வசாதாரணம். எல்லா விவரமும் அந்தப் பெண்ணிடம்தான் இருக்கிறது, முகம் சுளிக்கப்போவதும் அவர்தான். கணக்கை அவரிடமே பேசுங்கள். பாட்டியிடம், "அம்மா, கீழ் ரூம் ஒதுக்கி வெச்சிருக்கேன், படி இல்ல" என்று நேராக ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குடும்பமே இளகிவிடும்.

எப்படி அழைப்பது என்பதில் நிறைய யோசிக்க வேண்டாம். முதலில் சார், மேடம். மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் அவர்களாகவே 'அண்ணே' என்று தொடங்கினால் நீங்களும் அண்ணே, அக்கா என்று இறங்கலாம். சென்னை, பெங்களூர் இளைஞர்கள் 'ப்ரோ' என்றால் சரி, நீங்களாகத் தொடங்க வேண்டாம். வயதில் சிறியவராக இருந்தாலும் வாடிக்கையாளரை 'நீ' என்பது கூடாது. அவர் உங்களைத் 'தம்பி' என்று சொன்னாலும் சரி. வட்டக்கானல் பக்கம் வரும் வெளிநாட்டவரிடம் ஒன்றே ஒன்று: நாம் சம்மதத்துக்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதை அவர்கள் 'இல்லை' என்றோ 'தெரியாது' என்றோ எடுத்துக்கொள்வார்கள். ஆமாம் என்பதை வாயால் சொல்லுங்கள்.

கெட்ட செய்தி சொல்வதில்தான் இந்தப் பாடம் முழுக்கப் பயன்படும். கொடைக்கானலில் தினமும் சொல்ல வேண்டிய கெட்ட செய்தி, தூண் பாறையை மூடியிருக்கும் மேகம். 400 அடி உயரத்துக்கு மூன்று பாறைகள் நிற்கின்றன, ஆனால் எதிரில் வெறும் வெள்ளை, ஒன்றும் தெரியாது. அவசரக்காரரிடம்: "சார், இப்ப மூடியிருக்கு. 20 நிமிஷம் நிக்கலாம், இல்ல அடுத்த இடம் போயிட்டுத் திரும்பி வரலாம். எது?" கலகலப்புக்காரரிடம்: "மேகத்துக்குள்ள போட்டோ எடுத்துக்கங்க அக்கா, சோளம் சாப்பிடறதுக்குள்ள கொஞ்சம் விலகுதான்னு பார்ப்போம்." அமைதிக்காரரிடம்: "ஒண்ணும் அவசரமில்லைங்க, நான் இங்கேயே நிக்கறேன். குளிருச்சுன்னா வண்டியில உக்காருங்க." நுணுக்கக்காரரிடம்: "கீழேருந்து ஈரக்காத்து மலைமேல ஏறி குளிர்ந்து மேகமாகுது சார். வெயில் ஏற ஏறத்தான் இது கூடும், அதனால நாளைக்குக் காலையில வந்தா வாய்ப்பு அதிகம். ஆனா உறுதி கொடுக்க முடியாது." நான்கிலும் உண்மை ஒன்றுதான். யாரிடமும் "இதோ விலகிடும்" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி கிடைக்காத நாளிலும் இதே முறைதான். "நம்ம ஆள் இருக்காரு, உள்ள விட்டுடுவாரு" என்று கலகலப்புக்காரருக்காக வாய்விட்டவர்கள், செக்போஸ்ட்டில் வைத்து அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

புகார் வந்தால் முதலில் முழுவதும் சொல்லவிடுங்கள். இடையில் "இல்ல சார், நேத்து வந்தவங்க..." என்று ஆரம்பித்தால் சின்னப் புகார் பெரிதாகும். சொல்லி முடித்ததும் அதையே சுருக்கி ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், கேட்டுவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். பிறகு யார், எத்தனை நிமிடத்தில் என்று சொல்லுங்கள். "இதோ வந்துடும்" என்பது பதில் அல்ல. "பிளம்பர் 20 நிமிஷத்துல வருவாரு" என்று சொன்னால், பதினைந்தாம் நிமிடத்தில் நீங்களே போய்க் கதவைத் தட்டி நிலவரம் சொல்ல வேண்டும், பிளம்பர் வராவிட்டாலும். அவசரக்காரரிடம் மன்னிப்பைச் சுருக்கிச் சரிசெய்வதைப் பேசுங்கள். அமைதிக்காரரிடம் மன்னிப்பு முக்கியம், அவர் இவ்வளவு தூரம் வாய்திறந்ததே பெரிது.

எந்தக் குணத்துக்காகவும் வளைக்கக் கூடாதவையும் உண்டு. வாடகையைச் சத்தம் போட்டவருக்குக் குறைத்து, பேசாதவருக்குக் கூட்டினால், இருவரும் காலை டிபன் மேஜையில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். பனிமூட்டத்தில் "சீக்கிரம் போப்பா, ட்ரெயின் போயிடும்" என்று அவசரக்காரர் எவ்வளவு விரட்டினாலும், இறக்கத்தில், ஏறும்போது போட்ட அதே கியரில்தான் வண்டி இறங்க வேண்டும், ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும். "கொடை ரோடு ஸ்டேஷன் 80 கிலோமீட்டர் சார், மூணு மணி நேரம் கையில வெச்சுக் கிளம்பணும்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தால் இந்த விரட்டலே வந்திருக்காது. டால்பின் நோஸ் பாறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டுப் படம் எடுக்கக் கிளம்பும் கூட்டத்திடம் சிரித்துப் பேசிப் புரியவைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் குரலை உயர்த்தலாம்.

போனில் பேசி முடித்ததும் அனுப்ப வேண்டிய வாட்ஸ்அப் செய்தியை நால்வருக்கும் பொதுவாக ஒரே மாதிரி வைத்துக்கொள்ளலாம். தேதி, எத்தனை பேர், வாடகை, வந்த அட்வான்ஸ், மீதி, செக்-இன் மற்றும் செக்-அவுட் நேரம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், இ-பாஸ் எடுக்க நினைவூட்டல், 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது என்பது, லொக்கேஷன். கடைசி ஒரு கிலோமீட்டர் மண்பாதை என்றால் அதையும் எழுதுங்கள். மேப் அதைச் சொல்லாது. பத்து வரிக்குள் முடியட்டும். மாற்ற வேண்டியது முதல் வரி மட்டும். அவசரக்காரருக்கு "கன்ஃபர்ம் சார்", அமைதிக்காரருக்கு "அம்மாவுக்குக் கீழ் ரூம் வைத்திருக்கிறோம்". ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு ஆங்கிலத்தில், தமிழில் வாய்ஸ் நோட் அனுப்புபவருக்கு வாய்ஸ் நோட்டோடு எழுத்தும்.

விருந்தினர் கிளம்பியதும் ரெஜிஸ்டரின் ஓரத்தில் அடுத்த முறைக்கு உதவும் ஒரு வரி எழுதி வைக்கலாம். 'பாட்டிக்குப் படி ஆகாது', 'காபி சர்க்கரை இல்லாமல்', 'தொகையை எழுத்தில் கேட்பார்' என்கிற மாதிரி. 'கஞ்சன்', 'சிடுமூஞ்சி' என்று எழுதாதீர்கள். அடுத்து அந்த மேஜையில் உட்காரும் பையன் அதைப் படித்துவிட்டு, அந்த ஆள் வாசலில் இறங்கும்போதே முகத்தை அப்படி வைத்துக்கொள்வான். தவிர, ரெஜிஸ்டர் எப்போதும் விருந்தினர் கையெழுத்துப் போடும் பக்கமே திறந்து கிடக்கும்.